சிங்கத்தை ஒட்டினால் சிறை!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு விளையாட்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால், பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் அப்பா, அம்மாவோடு பத்து நிமிடம் நில்லுங்கள். போகிற வண்டிகளின் எண்ணைப் பார்க்காதீர்கள். வண்டியில் இருக்கிற சின்னங்களை மட்டும் எண்ணுங்கள்!

சாய்ந்த 'எச்' போட்ட கார் போகும். அது இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய். அந்த எழுத்து, இரண்டு பேர் கைகுலுக்குவதைக் குறிக்கிறது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அடுத்து ஒரு புல்லட் 'தட தட'வென்று வரும். அதைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் பழைய சின்னத்தில் ஒரு பீரங்கி உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்த கம்பெனி அது. 2013-ல் ஒரகடத்திலும் அதன் தொழிற்சாலை வந்துவிட்டது. ரெனோவின் வைரம், பாரத்பென்ஸ் லாரி... இப்படி எண்ணிக்கொண்டே போகலாம்.

இடையில் காக்கி நிற டிரைவரோடு ஒரு ஜீப் வரும். அதில் கோபுரம் போட்ட முத்திரை. அது தமிழ்நாடு அரசு. எப்போதாவது ஒரு காரில் சிங்க முகங்களும் தென்படலாம்.

இப்போது கேள்வி. உங்கள் மாமா ஒருவர் சொந்தமாக ஒரு கார் வாங்கி, 'பார்க்க கம்பீரமாக இருக்கே' என்று அதன் கண்ணாடியில் அந்தச் சிங்கச் சின்னத்தை ஒட்டிக்கொள்ளலாமா?

கூடாது! மீறினால் சிறைக்கே போக நேரலாம். ஒரு ஸ்டிக்கருக்கா சிறை என்று கேட்பீர்கள். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதற்கு முதலில் 600 ஆண்டுகள் பின்னால் போய்விட்டு வருவோம்.

ஒரே கேடயம், இரண்டு வீரர்கள்

பழைய ஐரோப்பாவில் போர் வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்டிருப்பார்கள். முகமும் தெரியாது. நம் ஆளா, எதிரி ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் ஒவ்வொரு வீரரும் தன் கேடயத்தில் ஓர் ஓவியம் தீட்டிக்கொண்டார். ஒருவருக்குச் சிங்கம், ஒருவருக்குக் கழுகு, ஒருவருக்கு வெறும் பட்டைக் கோடு. அப்பா வைத்திருந்த சின்னம் பிள்ளைக்கு வரும். அது குடும்பத்தின் சொத்து மாதிரி. இதைத்தான் ஆங்கிலத்தில் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்பார்கள். நாம் கேடயச் சின்னம் என்று வைத்துக்கொள்வோம்.

1385-ம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டு, ஸ்காட்லாந்து மீது படையெடுத்தார். படையில் ஸ்க்ரோப் என்ற பிரபுவும், கிராஸ்வெனர் என்ற வீரரும் இருந்தார்கள். இரண்டு பேர் கேடயத்திலும் ஒரே ஓவியம்! நீலப் பின்னணி, குறுக்கே சாய்வாக ஒரு தங்கப் பட்டை. 'இது என்னுடையது', 'இல்லை, என்னுடையது' என்று சண்டை வந்துவிட்டது. பள்ளியில் ஒரே மாதிரி இரண்டு வாட்டர் பாட்டில் இருந்தால் நடக்குமே, அதே சண்டைதான். ஆனால் இது சில ஆண்டுகள் நீடித்தது. நூற்றுக்கணக்கான சாட்சிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று சொல்லப்படும் ஜெஃப்ரி சாசர்! லண்டன் தெரு ஒன்றில் நடந்து போனபோது இந்தச் சின்னம் வெளியே தொங்குவதைப் பார்த்ததாகவும், அது ஸ்க்ரோப் குடும்பத்துடையது என்று நினைத்து விசாரித்ததில், 'இல்லை, கிராஸ்வெனர்' என்று பதில் வந்ததாகவும் அவர் சொன்னார்.

கடைசியில் ஸ்க்ரோப் ஜெயித்தார். 'உன் கேடயத்தில் சுற்றிலும் வெள்ளி விளிம்பு போட்டுக்கொள்' என்று கிராஸ்வெனரிடம் சொன்னபோது, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முழுசாக இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்று வேறு சின்னத்துக்கு மாறிவிட்டார். ரோஷக்காரர்!

இப்படிச் சண்டை வராமல் இருக்க ஒரு பதிவேடு வேண்டும் இல்லையா? அந்த வேலை கட்டியக்காரர்களிடம் வந்தது. ஆமாம், நம் தெருக்கூத்தில் ராஜா வருவதை முதலில் வந்து அறிவிப்பாரே, கட்டியங்காரர், அதே போன்ற வேலை செய்தவர்கள்தான். போட்டிகளில் எந்த வீரர் வருகிறார் என்று உரக்க அறிவிக்க வேண்டும் என்றால், எல்லாருடைய சின்னமும் மனப்பாடமாக இருக்க வேண்டுமே! 1484-ல் இங்கிலாந்தில் இவர்களுக்கு என்றே 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' என்ற அமைப்பு உண்டானது. பெயர்தான் காலேஜ். அங்கே யாரும் பரீட்சை எழுதுவதில்லை.

லண்டனில் இன்றும் அது இயங்குகிறது. மொத்தம் 13 அதிகாரிகள். பதவிப் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒருவர் 'சிவப்பு டிராகன்', இன்னொருவர் 'நீல மேலங்கி'! அரசு தரும் சம்பளமோ அதைவிட வேடிக்கை. கடைசி நிலை அதிகாரிக்கு ஆண்டுக்கு 13 பவுண்டு 95 பென்ஸ். மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு! 1830-களில் நிர்ணயித்ததோடு சரி. சின்னம் கேட்டு வருபவர்கள் தரும் கட்டணத்தில்தான் அவர்களுடைய பிழைப்பு. ஒரு நகராட்சியோ, தனி நபரோ சின்னம் கேட்டால், ஏற்கெனவே வேறு யாரிடமும் அது இல்லை என்று பார்த்து, புதிதாக வடிவமைத்து, தோலில் எழுதிக் கொடுப்பார்கள். அதன்பின் அதை வேறு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது.

போட்டுக்கொண்டால்? 1954-ல் மான்செஸ்டர் நகரில் அப்படி ஒன்று நடந்தது. அங்கே ஒரு நாடகக் கொட்டகை, நகராட்சியின் கேடயச் சின்னத்தை மேடைத் திரைக்கு மேலே மாட்டி வைத்திருந்தது. தன் முத்திரையிலும் போட்டுக்கொண்டது. நகராட்சி வழக்குப் போட்டது. எந்த நீதிமன்றத்தில்? இந்தச் சின்னங்களுக்கு என்றே இருக்கும் பழைய நீதிமன்றத்தில். அது 200 ஆண்டுகளுக்கு மேலாகக் கூடவே இல்லை! தூசி தட்டிக் கூட்டினார்கள். நகராட்சிக்கே வெற்றி. அதன்பின் இன்றுவரை அந்த நீதிமன்றம் மறுபடி கூடவில்லை. கும்பகர்ணன் தோற்றான் போங்கள்!

கனடா நாட்டுக்காரர்கள் சின்னம் வேண்டும் என்றால் முன்பெல்லாம் பிரிட்டனுக்குத்தான் எழுதிப்போட வேண்டும். 1988-ல் அவர்கள் தங்களுக்கென்று சொந்தமாக ஓர் ஆணையம் வைத்துக்கொண்டார்கள். தென் ஆப்பிரிக்காவுக்கும் 1962-ல் போட்ட சட்டப்படி ஒரு தனி அலுவலகம் இருக்கிறது.

நம் ஊர் விஷயம்

இந்தியாவில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரப் பார்த்தார்கள். 1877-ல் விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க டில்லியில் பெரிய தர்பார் நடந்தது. நம் சமஸ்தான ராஜாக்களுக்கு எல்லாம் ஐரோப்பிய பாணியில் கேடயச் சின்னம் போட்ட கொடிகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவற்றை வரைந்தவர் ராபர்ட் டெய்லர் என்ற ஓர் அதிகாரி. பட்டுத் துணி, பித்தளை வேலைப்பாடு என்று ஒவ்வொன்றும் மகா கனம். தூக்கியவர்கள் திணறிப் போனார்களாம்.

அந்தப் பாணியின் மிச்சத்தை இப்போதும் பார்க்கலாம். கர்நாடக அரசின் முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கேடயம், கேடயத்தில் இரட்டைத் தலைப் பறவையான கண்டபேரண்டம், இரு பக்கமும் தாங்கிப் பிடிக்க யானை முகச் சிங்கங்கள், கீழே வாசகம். அப்படியே ஐரோப்பிய அமைப்பு! பறவை மட்டும் நம்ம ஊர்ப் பறவை. மைசூர் ராஜாக்களின் சின்னம் அது. கேரள அரசின் முத்திரையில் இருக்கும் சங்கு, திருவிதாங்கூர் ராஜாக்களுடையது.

நம் தமிழ்நாட்டு முத்திரை வேறு வகை. கேடயம் கிடையாது, தாங்கிப் பிடிக்கும் மிருகமும் கிடையாது. கோபுரம், அதன் முன் சிங்கத் தூண், இரு பக்கமும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. 1949-ல் இதை வரைந்தவர் ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று பலரும் சொல்வார்கள். 'இல்லை, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம்' என்று வாதாடுபவர்களும் உண்டு. உங்கள் அக்காவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள், இந்த முத்திரை இருக்கும். எந்தக் கோபுரம் மாதிரி தெரிகிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சரி, சிங்கத்துக்கு வருவோம்.

காசியின் பக்கத்தில் சாரநாத். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். அங்கே சுமார் 2,250 ஆண்டுகளுக்கு முன் அசோகர் ஒரு தூண் நட்டார். காலப்போக்கில் அது உடைந்து மண்ணுக்குள் போய்விட்டது. 1904-05 குளிர்காலத்தில் எஃப்.ஓ.ஓர்ட்டல் என்ற இன்ஜினியர் அங்கே அகழ்வாராய்ச்சி செய்தபோது தூணின் உச்சியில் இருந்த சிங்கச் சிற்பம் கிடைத்தது. சுமார் 7 அடி உயரம். நேற்றுதான் தேய்த்து வைத்தது போலப் பளபளப்பு!

1950 ஜனவரி 26, நாம் குடியரசான நாள். அன்றே அந்தச் சிங்கம் நம் தேசியச் சின்னமாக ஆனது. ஒரு நாணயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சிங்கம் தெரிகிறது? மூன்று. நிஜத்தில் நான்கு. நாலாவது பின்னால் மறைந்திருக்கிறது. அடியில் நடுவே ஒரு சக்கரம், உங்களுக்கு வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை. சிற்பத்தைச் சுற்றி வந்தால் ஒரு யானையும் ஒரு சிங்கமும்கூட உண்டு. சிற்பத்தின் அடியில் கவிழ்ந்த தாமரை போல ஒரு பீடம் இருக்கிறது. அதைச் சின்னத்தில் சேர்க்கவில்லை. கீழே 'சத்யமேவ ஜயதே' என்று தேவநாகரி எழுத்தில் இருக்கும். முண்டக உபநிடதத்தில் வரும் வாசகம். அந்த வாசகமும் சின்னத்தின் ஒரு பகுதிதான். வாசகம் இல்லாமல் வெறும் சிங்கம் மட்டும் போட்டால் அது முழுச் சின்னம் ஆகாது.

யார் போடலாம், யார் போடக் கூடாது?

நமக்குச் 'சிவப்பு டிராகன்' அதிகாரி இல்லையே, அப்படியானால் யார் காவல்? மத்திய உள்துறை அமைச்சகம். அதன் கையில் இருப்பது 2005-ல் போட்ட ஒரு சட்டமும், 2007-ல் வந்த விதிகளும்.

சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான்: 'இது அரசாங்கத்துடையது' என்று பார்ப்பவர் நினைக்கும்படி, அனுமதி இல்லாமல் யாரும் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. வியாபாரத்துக்கும் கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2005-ல் எழுதினார்கள். ஒருமுறை தண்டனை பெற்றவர் மறுபடியும் அதே தப்பைச் செய்தால், குறைந்தது 6 மாதம் உள்ளே இருந்தாக வேண்டும்.

குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சர்கள், கவர்னர்கள், நீதிபதிகள், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் என்று யார் யார் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அதிலும் ஒரு கிடுக்கிப்பிடி. பதவி போனால் சின்னமும் போச்சு! முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி., ஓய்வு பெற்ற அதிகாரி யாரும் தங்கள் லெட்டர்பேடில் அதைப் போடக் கூடாது என்று விதியிலேயே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தெந்தக் கட்டடத்தில் வைக்கலாம், எந்தெந்தக் காரில் வைக்கலாம் என்பதும் எழுதியிருக்கிறது.

சின்னத்தின் உருவத்தை மாற்றலாமா? அதுவும் கூடாது. 2022 ஜூலையில் புதிய பாராளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் 6.5 மீட்டர் உயரத்துக்கு வெண்கலத்தில் ஒரு சிங்கச் சின்னம் வைத்தார்கள். எடை 9,500 கிலோ! 'சாரநாத் சிங்கம் சாந்தமாக இருக்கும், இது கோபமாகப் பல்லைக் காட்டுகிறதே' என்று சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். சாந்தமா, கோபமா என்பது பார்ப்பவர் மனசைப் பொறுத்தது, சட்டத்தை மீறியதாகத் தெரியவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. சாரநாத் சிங்கத்தின் படத்தையும் இதன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும்!

இன்னொரு பழைய சட்டம் 1950-ல் வந்தது. தேசியக் கொடி, ஐ.நா. சபையின் சின்னம், மகாத்மா காந்தி, நேரு பெயர்கள் இவற்றை எல்லாம் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. 'காந்தி மார்க் சோப்பு' என்று கிளம்ப முடியாது! ஆனால் காலண்டரில் காந்தி படம் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். கெட்டிக்காரர்கள்தான் நீங்கள். அதற்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. காலண்டரைத் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் இருக்கலாம், சரக்கு விளம்பரம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

சிவப்பு சிலுவை தெரியுமா? வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கூட்டல் குறி. அது டாக்டரின் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். இல்லை! போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு உதவுகிறவர்களைச் சுடாதீர்கள் என்று காட்டுவதற்காக 1864-ல் பல நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட குறி. இந்தியாவில் 1960-ம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் அனுமதி இல்லாமல் மருந்துக் கடையோ கிளினிக்கோ அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. எத்தனை கடைகளில் இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், விரல் போதாது. போர்க்களத்தில் அந்தக் குறியைப் பார்த்துத் துப்பாக்கியை இறக்க வேண்டும். கண்டவர்களும் அதைப் போட்டுக்கொண்டால் யார் நம்புவார்கள்?

2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்து போலீசார் இன்னொரு வேட்டையில் இறங்கினார்கள். வண்டியின் நம்பர் பிளேட்டில் 'போலீஸ்', 'பிரஸ்', 'டாக்டர்', 'அட்வகேட்' என்று எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, ஒட்டினால் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 ரூபாய் அபராதம் என்றார்கள். எழுத்தோ, சிங்கமோ, விஷயம் ஒன்றுதான். அதைப் பார்த்ததும் செக்போஸ்ட்டில் இருப்பவர் வழிவிடுவார் என்று ஒட்டுகிறவருக்குத் தெரியும்.

கம்பெனிச் சின்னத்துக்கு யார் காவல்?

ஒரகடத்துக் கம்பெனிகளின் சின்னம் எல்லாம் வேறு கணக்கு. அவை 'டிரேட் மார்க்'. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்வார்கள். சென்னை கிண்டியில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட லண்டன் கட்டியக்காரர்களின் வேலைதான் நடக்கிறது! ஒரு கம்பெனி தன் சின்னத்தைக் கொண்டுபோனால், வேறு யாருடையது போலவாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். பத்திரிகை போன்ற ஒரு வெளியீட்டில் அதைப் போடுவார்கள். 'அது என்னுடையது மாதிரி இருக்கிறது' என்று யாராவது ஆட்சேபிக்கலாம். யாரும் சொல்லாவிட்டால் பதிவு. அதன்பின் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற எழுத்தைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும், 'எங்கள் காருக்கு அசோகர் சிங்கம்' என்று கேட்டால் அந்த அலுவலகம் பதிவு செய்து தராது. செய்யவும் கூடாது.

இதில் உங்கள் வீட்டுக்கே உபயோகமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கார் கம்பெனி, டயர் கம்பெனி வேலை என்று எத்தனையோ ஊர்களில் இருந்து அண்ணன்களும் அக்காக்களும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வருகிறார்கள். 'உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது, முன்பணம் கட்டுங்கள்' என்று ஏமாற்றும் ஆட்கள் உலவும் காலம் இது. மோசடிக்காரர்கள் அனுப்பும் கடிதத்தில் பார்ப்பவர் மயங்க வேண்டும் என்று ஒரு சிங்கச் சின்னத்தை அச்சடித்து இருப்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள். தனியார் கார் தொழிற்சாலை தன் வேலைக் கடிதத்தில் எதற்கு அரசுச் சின்னத்தைப் போடும்? போட அதற்கு அனுமதியே கிடையாதே! தனியார் கம்பெனி வேலைக் கடிதத்தில் சிங்கத்தைப் பார்த்தால் பணத்தை எடுக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். கம்பெனி அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். சிங்கம் இல்லாத கடிதம் எல்லாம் நிஜம் என்று அர்த்தம் இல்லை, அதையும் விசாரிக்கத்தான் வேண்டும்.

இந்தப் போலிப் பிரச்சினை நேற்று வந்தது இல்லை. நம் ராஜாக்களுக்கும் இருந்தது. காஞ்சிபுரத்தை ஆண்ட பல்லவர்களுக்குக் காளைச் சின்னம். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒரே முத்திரையில் பார்க்க வேண்டுமா? திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காடு என்ற ஊர். அங்கே 1905-ல் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஏடுகளை எல்லாம் கோத்திருக்கும் பெரிய வளையத்தின் மூட்டில் சோழ முத்திரை. குடைக்கும் சாமரத்துக்கும் கீழே புலி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இரண்டு மீன், ஒரு வில். பாண்டியனையும் சேரனையும் அடக்கிவிட்டோம் என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

அந்த வளையத்துக்கு ஏன் முத்திரை தெரியுமா? செப்பேடு என்பது 'இந்த ஊரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்தோம்' என்ற பத்திரம். நடுவில் ஓர் ஏட்டை உருவிவிட்டு, 'பக்கத்து ஊர் நிலமும் எனக்குத்தான்' என்று எழுதிய வேறோர் ஏட்டை யாராவது செருகிவிட்டால்? செருக வேண்டும் என்றால் வளையத்தை அறுக்க வேண்டும். வளையத்தை அறுத்தாலோ, முத்திரையைப் பெயர்த்தாலோ பார்த்தவுடன் தெரிந்துவிடும்.